ஏசஸா, பிளின்ட்டா: விளையாட்டுக்கும் வீடியோ காலுக்கும் ஒரு ரவுட்டர்

வேகத்துக்காக மட்டும் ரவுட்டர் மாற்ற நினைப்பவர்களுக்கு இந்த விமர்சனம் பெரிதாக உதவாது. ஏசஸ் ஆர்டி-ஏஎக்ஸ்86யூ ப்ரோ, ஜிஎல் ஐநெட் பிளின்ட் 2 இரண்டுமே சாதாரண வீட்டு இணைப்பு தருவதைவிட அதிக வேகத்தைத் தாங்கும். ஸ்பீட் டெஸ்டை மட்டும் பார்த்து எது எந்த ரவுட்டர் என்று கண்டுபிடிக்கச் சொன்னால் என்னால் முடியாது.

எங்கள் வீட்டுப் பிரச்சினை வேறு. எனக்குப் பாதி நாள் வீடியோ காலில் போய்விடும். அதே நேரத்தில் பக்கத்து அறையில் தம்பி ஏதாவது துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் இருப்பான். அக்கா வந்துவிட்டால் போதும், அவள் போன் வைஃபையைப் பார்த்த நிமிடமே சேர்த்து வைத்த படங்களையும் வீடியோக்களையும் கிளவுடுக்கு ஏற்ற ஆரம்பித்துவிடும். சரியாக அப்போதுதான் என் முகம் மற்றவர் திரையில் வாய் பிளந்தபடி உறைந்து நிற்கும், தம்பி "லேக் அடிக்குது" என்று கத்துவான். அந்த நேரத்தில் ஸ்பீட் டெஸ்ட் போட்டாலும் டவுன்லோடு எண் ஜம்மென்று இருக்கும்.

இணைய நிறுவனம் கொடுத்த பழைய பெட்டியைக் கழற்ற முடிவு செய்தபோது அக்கா வீட்டுக்கும் ஒன்று தேவைப்பட்டது. இரண்டு ரவுட்டரையும் வாங்கி இங்கேயே மாற்றி மாற்றி ஓட்டிப் பார்ப்போம், எது யாருக்கு என்பதை அப்புறம் முடிவு செய்யலாம் என்று பேசிக்கொண்டோம்.

முதலில் அட்டைப்பெட்டி எண்களைப் பார்த்துவிடலாம். ஏசஸில் ஏஎக்ஸ்5700 என்று இருக்கும், பிளின்ட்டில் ஏஎக்ஸ்6000. 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளின் உச்ச வேகத்தையும் கூட்டி, முழு எண்ணாக்கிப் போட்டால் இது வரும். ஏசஸுக்கு 861-உம் 4804-உம், பிளின்ட்டுக்கு 1148-உம் 4804-உம். எந்தக் கருவியும் இரண்டு அலைவரிசையையும் சேர்த்து இந்த எண்ணைத் தொடப்போவதில்லை. அந்த 4804 மெகாபிட்டுக்கே ரவுட்டரிலும் எதிர்முனையிலும் நான்கு ஆன்டெனா, 160 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனல் எல்லாம் வேண்டும். நம் கையில் இருக்கும் போனுக்கும் மடிக்கணினிக்கும் பெரும்பாலும் இரண்டு ஆன்டெனாதான். 80 மெகாஹெர்ட்ஸ் சேனலில் அவற்றுக்குக் கிடைக்கும் இணைப்பு வேகம் 1201 மெகாபிட், அதுவும் காகிதக் கணக்கில். ஆகவே பெட்டியில் 5700-க்கும் 6000-க்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுகொள்ளவே வேண்டாம்.

வீடியோ காலுக்கு இத்தனை வேகம் தேவையும் இல்லை. 1080பி தரத்தில் பேச ஜூம் கேட்பதே அப்லோடில் 3.8, டவுன்லோடில் 3 மெகாபிட் வாக்கில்தான். ஆன்லைன் விளையாட்டுக்கு அதைவிடக் குறைவு. இரண்டுக்கும் வேண்டியது பாக்கெட்டுகள், அதாவது தரவு வெட்டப்பட்டுப் போகும் சிறு துண்டுகள், நேரத்துக்குப் போய்ச் சேருவது. பேச்சு 20 மில்லிசெகண்டுக்கு ஒரு துண்டாக வெட்டப்பட்டுப் போகிறது. ஒரு பக்கத் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் உரையாடல் இயல்பாக இருக்கும் என்பது ஐடியு என்ற சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பின் ஜி.114 பரிந்துரை. அதைத் தாண்டிப் போகப் போக ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிட்டு, "சொல்லுங்க", "இல்லை, நீங்க சொல்லுங்க" என்ற நாடகம் தொடங்கிவிடும்.

இந்தத் தாமதம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் அப்லோடு பக்கத்திலிருந்து. வீட்டிலிருந்து வெளியே போகும் வேகம் 20 மெகாபிட் என்று வைத்துக்கொள்வோம். போன் படங்களை ஏற்றத் தொடங்கியதும் அதைவிட வேகமாகத் தரவு வந்து குவியும். வெளியே போக இடமில்லாத பாக்கெட்டுகளை ரவுட்டரோ மோடமோ தன் நினைவகத்தில் வரிசையாக நிறுத்தி வைக்கும். அந்த வரிசை ஒரு மெகாபைட் நீளமாகிவிட்டால் அது 8 மெகாபிட். 20 மெகாபிட் வழியில் அது காலியாக 400 மில்லிசெகண்ட் ஆகும். அதன் வாலில் போய் நிற்கும் உங்கள் குரல் பாக்கெட் அத்தனை நேரமும் காத்திருக்க வேண்டியதுதான். வண்டி நிறையச் சாமான் வைத்திருப்பவருக்குப் பின்னால் ஒற்றை சோப்புக் கட்டியோடு பில் போட நிற்பது போன்ற நிலை. நினைவகம் மலிவாகிப் போனதால் தயாரிப்பாளர்கள் இந்த இடத்தைத் தாராளமாக வைக்க, ஒரு பாக்கெட்டாவது தொலையும் வரை வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும் பழக்கமுள்ள டிசிபி என்ற இணைய அனுப்பு முறை அதை முழுக்க நிரப்பிவிடுகிறது. 2010 இறுதியில் ஜிம் கெட்டிஸ் என்ற மென்பொருள் பொறியாளர் இதற்கு பஃபர்புளோட் என்று பெயர் வைத்து எழுத ஆரம்பித்தார். 2012-இல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடெல் என்ற தீர்வைக் கொடுத்தார்கள். வரிசையின் நீளத்தைப் பார்க்காமல், ஒவ்வொரு பாக்கெட்டும் அதில் எவ்வளவு நேரம் நின்றது என்பதைப் பார்த்து, நேரம் மிஞ்சினால் சிலவற்றைக் கைவிடும் முறை அது. அனுப்புகிற பக்கம் குறிப்பறிந்து வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பிறகு ஒவ்வொரு இணைப்புக்கும் தனி வரிசை போடும் எஃப்க்யூ-கோடெல் வந்தது. அதன் வாரிசான கேக் 2018-இல் லினக்ஸ் கெர்னலில், அதாவது அந்த இயங்குதளத்தின் மையப் பகுதியில், சேர்ந்தது.

இவ்வளவும் சொல்லக் காரணம், இந்த இரண்டு ரவுட்டரில் எதை எடுப்பது என்ற கேள்வியே என் கணக்கில் இங்கேதான் இருக்கிறது. அப்லோடு நிரம்பி வழியும்போது பெட்டி என்ன செய்கிறது? மற்றதெல்லாம் இரண்டாம் பட்சம்.

சோதனை எளிது, யாரும் செய்யலாம். ஒரு கணினியைக் கேபிளில் மாட்டி, கிளவுட்ஃபிளேரின் பொது முகவரியான 1.1.1.1-க்கு பிங் ஓடவிடுங்கள்; ஒரு பாக்கெட் போய்த் திரும்ப எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது என்று அது காட்டும். இன்னொன்றிலிருந்து பெரிய கோப்பு ஒன்றை ஏற்றுங்கள். பிங் எண் எங்கே போகிறது என்று பாருங்கள். கட்டளை எல்லாம் வேண்டாம் என்றால் கிளவுட்ஃபிளேர், வேவ்ஃபார்ம் இரண்டு நிறுவனங்களின் சோதனைப் பக்கங்களும் இணைப்பு சும்மா இருக்கும்போதும் நிரம்பியிருக்கும்போதும் உள்ள தாமதத்தைத் தனித்தனியே காட்டும். எங்கள் பழைய பெட்டியில் சும்மா இருக்கும்போது இருபதுக்குள் இருந்த பிங், அப்லோடு ஆரம்பித்ததும் பல நூறுக்குத் தாவியது. என் முகம் ஏன் உறைந்தது என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

முதலில் ஏசஸ். மூன்று வெளி ஆன்டெனாவோடு நிமிர்ந்து நிற்கும் கறுப்புப் பெட்டி. படுக்க வைக்க முடியாது, சுவரில் மாட்டவும் வழியில்லை, ஆகவே அலமாரியில் உயரமான தட்டாகப் பார்த்து வையுங்கள். போனில் செயலியை இறக்கி, கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே போனால் ஆள் உதவி இல்லாமல் அமைத்துவிடலாம். எந்தத் தரவு முதலில் போக வேண்டும் என்று முடிவு செய்யும் அடாப்டிவ் க்யூஓஎஸ் என்ற பக்கத்தில்தான் நமக்கு வேலை. கேமிங், வீட்டிலிருந்து வேலை, வீடியோ பார்ப்பது என்று பட்டியலாக இருக்கும். எதற்கு முன்னுரிமை என்று நாம் தொட்டுக் காட்டினால் போதும், எந்த பாக்கெட் எந்த ரகம் என்பதை ரவுட்டரே கண்டுபிடித்துக்கொள்ளும். நான் வீட்டிலிருந்து வேலை என்பதை வைத்தேன். தம்பி இரண்டு மூன்று முறை அதைச் சத்தமில்லாமல் கேமிங்குக்கு மாற்றியது தனிக் கதை.

அங்கே வேகத்தைத் தானாகக் கணிக்க விடும் வசதியும் உண்டு, நாமே எண்ணைக் கொடுக்கும் வசதியும் உண்டு. நாமே கொடுப்பதுதான் நல்லது. உண்மையான அப்லோடு வேகத்தைவிடக் கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள். அப்போதுதான் வரிசை மோடமுக்குள் போய்த் தேங்காமல் ரவுட்டரிலேயே நிற்கும், முன்னுரிமைக்கும் அர்த்தம் இருக்கும். அப்படி வைத்தபின் அக்கா போன் படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தபோதும் என் வீடியோ கால் உறையவில்லை. பிங் கொஞ்சம் ஏறி இறங்கியது, ஆனால் பழைய தாவல் இல்லை. பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே தாராளம்.

ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு வாங்குங்கள். பாக்கெட்டை இனம் பிரிக்கும் அந்த வேலையைச் செய்வது டிரெண்ட் மைக்ரோ நிறுவனத்தின் மென்பொருள். அதை இயக்கும்போது தகவல் பகிர்வுக்கு ஒப்புதல் கேட்டு ஒரு ஒப்பந்தம் வரும். அதே ஒப்புதலோடு ஏஐப்ரொடெக்‌ஷன் என்ற பாதுகாப்பு வசதியும் சந்தா இல்லாமல் கிடைக்கிறது. சிலருக்கு இது வரவு, சிலருக்குச் செலவு. எனக்கு அந்தப் பக்கத்தில் விரல் கொஞ்சம் தயங்கியது. வேண்டாம் என்பவர்களுக்கு ஆசஸ்வர்ட்-மெர்லின் என்ற மாற்று மென்பொருள் இருக்கிறது. நிறுவனத்துக்கு வெளியே உருவாகிற ஒன்று, ஏசஸ் மென்பொருளையே அடித்தளமாகக் கொண்டது, கேக்கும் அதில் உண்டு. ஆனால் மென்பொருள் மாற்றும் அளவுக்குக் கை ஓடுகிறவர் பிளின்ட்டையே எடுத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

பிளின்ட் 2 உள்ளே ஓபன்டபிள்யூஆர்டி என்ற, ரவுட்டர்களுக்கான திறந்த மூல மென்பொருளில் ஓடுகிறது. மேலே ஜிஎல் ஐநெட் தன் சொந்தத் திரையைப் போர்த்தியிருக்கிறது. 192.168.8.1-க்குப் போனால் அந்தத் திரை வரும், பார்க்க எளிமையாகத்தான் இருக்கும். ஆனால் நாம் தேடி வந்த பொருள் அதற்குக் கீழே, அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் வழியாகத் திறக்கும் லூசி என்ற பழைய பாணிப் பக்கத்தில் இருக்கிறது. வரிசையை நிர்வகிக்கும் எஸ்க்யூஎம் தொகுப்பை நிறுவி, வெளி இணையத்துக்குப் போகும் வேன் இணைப்பைத் தேர்ந்தெடுத்து, கேக்கை வைத்து, டவுன்லோடு அப்லோடு இரண்டுக்கும் எண் கொடுக்க வேண்டும். அளந்த வேகத்தில் 85 முதல் 95 சதவீதம் வரை என்பது வழக்கம். 95-இல் ஆரம்பித்து, பிங் ஆடினால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வாருங்கள். ரவுட்டரின் நெட்வொர்க் ஆக்ஸிலரேஷன் வசதியையும் அணைத்துவிட வேண்டும். அது ஓடினால் பாக்கெட்டுகள் கேக்கின் கண்ணில் படாமலே குறுக்கு வழியில் போய்விடும்.

முதல் முறை இந்தப் பக்கத்தைப் பார்ப்பவருக்குத் தலை சுற்றும், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் முடித்துவிட்டு அதே சோதனையைப் போட்டபோது அப்லோடு எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்று பிங் எண்ணை வைத்துச் சொல்ல முடியவில்லை. அவ்வளவு நேராக இருந்தது. இன்னொரு நன்மையும் உண்டு. எது கேமிங், எது வேலை என்று கேக் துருவிப் பார்ப்பதில்லை. யார் நிறைய அள்ளுகிறார்களோ அவர்களைக் காத்திருக்க வைத்து, சிறிதாக, விட்டுவிட்டு வரும் பாக்கெட்டை முதலில் அனுப்பும். விளையாட்டும் பேச்சும் இயல்பிலேயே அந்த ரகம். கருவிக்குக் கருவி சமமாகப் பிரிக்கும் அமைப்பும் அதில் இருக்கிறது. அதை வைத்துவிட்டால் ஒரே கணினி நூறு இணைப்பு திறந்து டோரன்ட் இறக்கினாலும் அதற்கு ஒரு பங்குதான். முன்னுரிமைப் பட்டியலே இல்லாததால் தம்பி திருட்டுத்தனமாக மாற்றவும் ஒன்றும் இல்லை.

இதற்கு விலையாகப் போவது ரவுட்டருக்குள் இருக்கும் பிராசஸரின் உழைப்பு. கேக் ஒவ்வொரு பாக்கெட்டையும் மென்பொருளில் கையாள்வதால், இணைப்பு வேகமாக வேகமாக அந்த பிராசஸர் திணறும். பிளின்ட்டில் 2 கிகாஹெர்ட்ஸ் நான்கு கோர் பிராசஸர், 1 ஜிபி நினைவகம். எங்கள் இணைப்பு சில நூறு மெகாபிட்தான், அதற்கு வியர்க்கவே இல்லை. அப்லோடு, டவுன்லோடு இரண்டிலும் முழு கிகாபிட் வைத்திருப்பவர்களுக்கு இந்த வரிசை நிரம்புவதே அபூர்வம், அவர்கள் இதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஏசஸிலும் 2 கிகாஹெர்ட்ஸ் நான்கு கோர், 1 ஜிபி நினைவகம்தான், வன்பொருளில் ஒன்றை ஒன்று மிஞ்சவில்லை. கேபிள் மாட்டும் போர்ட்டில் மட்டும் பிளின்ட்டுக்கு இரண்டு 2.5 கிகாபிட், ஏசஸுக்கு ஒன்று.

வைஃபை பற்றி. இரண்டுமே வைஃபை 6, இரண்டிலும் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை கிடையாது. ஒரே இடத்தில் வைத்து ஓட்டியபோது வீட்டுக்குள் எட்டும் தூரத்தில் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. எதை வாங்கினாலும் 160 மெகாஹெர்ட்ஸைத் தவிருங்கள். 5 கிகாஹெர்ட்ஸில் அந்த அகலம் வேண்டுமென்றால் ரேடார்களோடு பகிர்ந்துகொள்ளும் சேனல்களைத் தொட்டே ஆக வேண்டும். அங்கே ரேடார் அலை தென்பட்டால் ரவுட்டர் உடனே சேனலைக் காலி செய்தாக வேண்டும் என்பது விதி. அது உங்கள் கூட்டத்தின் நடுவே நடந்தால் வீடியோ கால் அறுந்துவிடும். 36-இலிருந்து 48 வரையுள்ள சேனலில் 80 மெகாஹெர்ட்ஸ் போதும். 2.4 கிகாஹெர்ட்ஸில் என்றால் 1, 6, 11 மூன்றில் கூட்டம் குறைவான ஒன்று. புளூடூத் ஹெட்செட்டும் அதே 2.4-இல்தான் பேசுகிறது, மடிக்கணினியும் 2.4-இலேயே ஒட்டிக்கொண்டிருந்து குரல் கரகரத்தால், ரவுட்டரைத் திட்டுவதற்கு முன் 5-க்கு மாற்றிப் பாருங்கள்.

தம்பிக்கு நான் செய்த பெரிய உபகாரம் ரவுட்டர் எதுவும் கிடையாது, கதவோரமாக இழுத்துவிட்ட கேபிள்தான். வைஃபையில் பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும், மற்றவர்கள் காற்று காலியாகும் வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பை எந்த கேமிங் ரவுட்டரும் ஒழிக்க முடியாது. தூரத்தையும் அப்படித்தான். கண்ணாடி இழையில் ஒளி செகண்டுக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகும். விளையாட்டு சர்வர் ஆயிரம் கிலோமீட்டரில் இருந்தால் போய் வரவே 10 மில்லிசெகண்ட். பிங்கைப் பாதியாகக் குறைக்கும் என்று அட்டையில் எவர் எழுதினாலும் சர்வரைப் பக்கத்தில் தூக்கி வைக்க அவரால் முடியாது.

விளையாட்டில் இன்னொரு தொல்லை நாட், அதாவது வீட்டுக் கருவிகள் எல்லாம் ஒரே பொது முகவரியில் வெளியே போக ரவுட்டர் செய்யும் முகவரி மாற்றம். பிளேஸ்டேஷனில் டைப் 3, எக்ஸ்பாக்ஸில் ஸ்ட்ரிக்ட் என்று காட்டினால் நண்பர்களோடு சேர்வதும் குரல் அரட்டையும் சொதப்பும். ஏசஸில் ஓபன் நாட் என்ற பக்கம் இதற்கென்றே இருக்கிறது. பட்டியலில் விளையாட்டைத் தேர்ந்தெடுத்து, எந்தக் கருவி என்று காட்டினால் போர்ட்டுகளை, அதாவது விளையாட்டின் தரவு உள்ளே வரும் எண்ணிட்ட வழிகளை, அதுவே திறந்துவிடும். இந்த ஒரு விஷயத்தில் ஏசஸ் தெளிவாக முந்துகிறது. பிளின்ட்டில், கருவிகளே கேட்டுப் போர்ட்டைத் திறக்க விடும் யூபிஎன்பி-யை இயக்கலாம், இல்லையென்றால் போர்ட் எண்ணை நாமே தேடி எழுத வேண்டும். ஆனால் அதற்கு முன் ரவுட்டரின் வேன் முகவரியைப் பாருங்கள். 100.64-இலிருந்து 100.127 வரையில் ஆரம்பிக்கிறது என்றால் இணைய நிறுவனம் பலரை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. அப்படியானால் வீட்டில் எந்த ரவுட்டர் வைத்தும் திறக்க முடியாது, அவர்களிடமே தனி முகவரி கேட்க வேண்டும்.

வைஃபை 7 வந்துவிட்டதே, காத்திருக்கலாமா என்று தம்பி கேட்டான். அதைப் பேசத் தெரிந்த கருவி எங்கள் வீட்டில் ஒன்றுகூட இல்லை. அப்லோடு வரிசைக்கும் அதற்கும் சம்பந்தமும் இல்லை.

கடைசியில் பிளின்ட் எங்களோடு தங்கிவிட்டது. லூசி பக்கத்தைத் திறக்கத் தயங்காத ஆள் ஒருவராவது இருக்கும் வீட்டுக்கு நான் சொல்வது அதுதான். ஏசஸ் அக்கா வீட்டுக்குப் போனது. அவளுக்கு ரவுட்டர் திரையைத் திறந்து பார்க்கும் ஆசை கிடையாது, அத்தானுக்கு நாள் முழுக்க வீடியோ கால், பையனுக்குப் பிளேஸ்டேஷன். செயலியில் அப்லோடு எண்ணைக் கொடுத்து, வீட்டிலிருந்து வேலையை மேலே வைத்து, பையனின் விளையாட்டுக்கு ஓபன் நாட்டையும் போட்டுக் கொடுத்தேன். இணைப்புத் திட்டத்தை மாற்றினால் அந்த எண்ணையும் மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். மாற்றாவிட்டால் புதுத் திட்டத்துக்குக் காசு கட்டிவிட்டுப் பழைய வேகத்திலேயே ஓடிக்கொண்டிருப்பார்கள்.